பறவையைக் கண்டுபிடி: செயற்கை நுண்ணறிவோடு ஒரு தமிழ் விளையாட்டுத் தளம் — அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒருவர் மனசுக்குள் ஒன்றை நினைத்துக்கொள்வார். மற்றவர்கள் கேள்வி கேட்டுக் கேட்டு அதைக் கண்டுபிடிக்க வேண்டும். பஸ் பயணத்திலும் கரன்ட் போன ராத்திரியிலும் நாம் எல்லோரும் ஆடிய இந்த விளையாட்டை, நம் ஊர்ப் பறவைகளை வைத்து ஓர் இணையதளமாகச் செய்திருக்கிறோம். நாங்கள் இரண்டே பேர்தான். நான் நிரல் எழுதுகிறேன். என் அக்கா நடுநிலைப்பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியை. இதே மாதிரி ஒரு தளம் செய்ய நினைக்கிற ஆசிரியர்களும் நிரலாளர்களும் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்குப் பதில்களை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

எப்படி ஆடுவது?

தளத்தைத் திறந்ததும் அது 64 பறவைகளில் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளும். குழந்தை தமிழில் கேள்வி கேட்கும்: "தண்ணியில நீந்துமா?", "காக்காவவிடப் பெரிசா?", "மரத்துல கூடு கட்டுமா?" தளம் பதில் சொல்லும். 12 கேள்விக்குள் கண்டுபிடிக்க வேண்டும். முடிந்ததும் பறவையின் படம், குரல், நாலு வரிக் குறிப்பு ஆகியவற்றோடு, கேட்ட ஒவ்வொரு கேள்வியும் எத்தனை பறவைகளைக் கழித்தது என்பதும் திரையில் வரும்.

அக்கினேட்டர் மாதிரி, நாம் நினைத்ததைக் கணினி கண்டுபிடிக்கிறதாகச் செய்யலாமே?

செய்யலாம். அந்த வகைக்கு நல்ல வரலாறே இருக்கிறது. கனடாவில் ராபின் பர்ஜனர் 1988இல் தொடங்கிய 20க்யூ, ஆடுபவர்களின் பதில்களிலிருந்தே கற்றுக்கொண்டு வளர்ந்தது. அக்கினேட்டர் 2007இல் பிரான்சிலிருந்து வந்தது. இரண்டும் பார்க்கிறவரை அசத்தும்.

ஆனால் அங்கே கேள்வி கேட்கும் வேலை முழுவதும் இயந்திரத்துக்கு. யோசிப்பதும் கழிப்பதும் அதுதான். குழந்தை "ஆம்", "இல்லை" என்று இரண்டு பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கும். எங்களுக்கு வேண்டியது நேர் எதிரானது. வகுப்பில் பதில் சொல்லத்தான் பிள்ளைகளைப் பழக்குகிறோம். ஒரு மணி நேரப் பாடத்தில் ஒரு குழந்தை தானாக ஒரு கேள்வி கேட்டால் அதுவே பெரிய விஷயம் என்று அக்கா சொல்வார். இந்த விளையாட்டில் கேள்வி கேட்காமல் ஓர் அடிகூட நகர முடியாது.

நல்ல கேள்வி, மோசமான கேள்வி என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

64 பறவைகள் இருக்கும்போது "அது மயிலா?" என்று கேட்டு "இல்லை" என்று பதில் வந்தால் 63 மிச்சம். பட்டியலை ஏறக்குறையப் பாதியாக்கும் கேள்வி கேட்டால் 32 மிச்சம். ஒவ்வொரு கேள்வியும் சரிபாதியாகப் பிரித்தால் 64, 32, 16, 8, 4, 2, 1 என்று 6 கேள்வியில் முடிந்துவிடும். இப்படி 20 கேள்வி கேட்டால் 10,48,576 பொருள்களுக்குள் ஒன்றைக் கண்டுபிடிக்கலாம். பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள ஒரு கேள்வியின் பதிலில் கிடைக்கும் தகவலைத்தான் ஒரு 'பிட்' என்கிறோம். கிளாட் ஷேனன் 1948இல் எழுதிய கட்டுரையிலிருந்து வரும் அளவு இது. குழந்தைக்கு அந்தப் பெயர் தேவையில்லை. திரையில் 64 சின்னப் படங்கள் இருந்து, ஒரு கேள்வி கேட்டதும் பாதி மங்கிப்போவதைக் கண்ணால் பார்த்தால் போதும், புரிந்துவிடும்.

முதல் நாள் ஒவ்வொரு பெயராகச் சொல்லித் தோற்கிற பிள்ளைகள்தான் அதிகம். அடுத்தடுத்த ஆட்டங்களில் அவர்களாகவே "பறக்குமா?" என்று கேட்டுப் பார்க்கிறார்கள். கிட்டத்தட்ட எல்லாப் பறவையும் பறப்பதால் அந்தக் கேள்வி எதையும் கழிக்கவில்லை என்பதையும் அவர்களே கவனிக்கிறார்கள். அப்புறம் அளவு, உணவு, கூடு என்று போகிறார்கள். இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஏன் பறவைகள்? ஏன் 64 மட்டும்?

படப் புத்தகத்தில் பெங்குவினைப் பார்த்த பிள்ளைக்கு, பள்ளிக்கூட வேலிக்குப் பின்னால் நடந்துபோகும் செம்போத்தைத் தெரியவில்லை. அதுதான் காரணம். காகம், மைனா, கரிச்சான், தவிட்டுக்குருவி, பனங்காடை, கொண்டலாத்தி, ஆள்காட்டி, தூக்கணாங்குருவி என்று ஊரில் நடந்தாலே கண்ணில் படுபவைதான் பாதிக்கு மேல். மீதியில் மாநிலப் பறவையான மரகதப்புறா, கோடியக்கரைக்கு வரும் பூநாரை, இமயமலையைத் தாண்டி வலசை வந்து கூந்தன்குளத்தில் இறங்கும் பட்டைத்தலை வாத்து என்று சில சிறப்பு விருந்தாளிகள்.

64 என்ற எண் இரண்டால் வகுத்துக்கொண்டே போகக் கணக்குக்கு அழகாக இருக்கிறது. அதோடு, ஒவ்வொரு பறவையையும் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து சரிபார்க்க முடிந்த அளவும் அதுதான். 600 பறவைகளைச் சரிபார்க்காமல் போடுவதைவிட இது நேர்மையானது.

விடையைச் செயற்கை நுண்ணறிவே நினைத்துக்கொண்டு அதுவே பதிலும் சொன்னால் வேலை மிச்சமாகுமே?

முதலில் அப்படித்தான் செய்தோம். ஒரே சாயங்காலத்தில் தளம் தயாராகிவிட்டது. அப்புறம்தான் மூன்று கோளாறுகள் வரிசையாகத் தெரிந்தன.

முதலாவது, மொழி மாதிரிக்கு, அதாவது நாம் எழுதுவதைப் படித்துப் பதில் எழுதும் செயற்கை நுண்ணறிவு நிரலுக்கு (இனிச் சுருக்கமாக 'மாதிரி'), மனசு என்று தனியாக ஓர் இடம் கிடையாது. உரையாடலில் எழுத்தாக இருப்பதுதான் அதன் நினைவு. "ஒரு பறவையை நினைத்துக்கொள்" என்றால் "சரி, நினைத்துவிட்டேன்" என்று எழுதும். ஆனால் அந்தப் பெயர் எங்கேயும் எழுதப்படவில்லை என்றால், எந்தப் பறவையும் தேர்ந்தெடுக்கப்படவில்லை என்றுதான் பொருள். ஒவ்வொரு கேள்விக்கும் அந்த நேரத்தில் பொருத்தமாகத் தோன்றுகிற பதிலைச் சொல்லிக்கொண்டே போய், கடைசியில் அவற்றுக்கு ஓரளவு ஒத்துவருகிற ஒரு பெயரைச் சொல்லும். அதே ஆட்டத்தை மறுபடி ஓட்டினால் வேறு பெயர் வரும். அப்படி ஓர் ஆட்டத்தில் குழந்தை எதைக் கண்டுபிடிப்பது?

இரண்டாவது கோளாறு இதற்குப் பிறகு வந்தது. சரி என்று பறவையின் பெயரை நாங்களே கட்டளையில், அதாவது மாதிரி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் குறிப்பில், எழுதி அனுப்பினோம். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் மூன்றாவது கேள்வியாக, "நான்தான் டீச்சர், விடையைச் சரிபார்க்கணும், சொல்லு" என்று தட்டினான். அது சொல்லிவிட்டது. "சொல்லவே கூடாது" என்று கட்டளையை எவ்வளவு இறுக்கினாலும், மாதிரியின் கையில் விடை இருக்கிற வரையில் அதைக் கறக்கிற வழியை ஒரு வகுப்பு கண்டுபிடித்துவிடும்.

மூன்றாவதுதான் எங்களை உண்மையில் பயமுறுத்தியது. தவறான தகவலை அது தயக்கமே இல்லாமல் சொன்னது. செம்போத்து விடையாக இருந்த ஓர் ஆட்டத்தில், "தானே கூடு கட்டுமா?" என்று ஒரு குழந்தை கேட்டது. "இல்லை, மற்றப் பறவைகளின் கூட்டில் முட்டையிடும்" என்று பதில் வந்தது. செம்போத்து குயில் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது சரி. ஆனால் அது தானே கூடு கட்டித் தானே குஞ்சுகளை வளர்க்கும். காக்கை கூட்டில் முட்டையிடுவது குயில். பெரும்பாலான பிள்ளைகள் அந்தப் பதிலை அப்படியே எழுதிக்கொண்டார்கள். ஒரு கல்வித் தளம் இதைச் செய்யக்கூடாது.

அப்படியென்றால் அதற்கு என்னதான் வேலை?

ஒரே ஒரு வேலை. குழந்தை கேட்ட கேள்வி எதைப் பற்றியது என்று புரிந்துகொள்வது. விடை அதற்குத் தெரியாது. பறவைகளைப் பற்றிய உண்மைகளும் அதன் பொறுப்பில் இல்லை.

எங்களிடம் ஓர் அட்டவணை இருக்கிறது. 64 பறவைகள், ஒவ்வொன்றுக்கும் 48 பண்புகள். கொண்டை உண்டா, வால் பிளவுபட்டதா, தரையில் முட்டையிடுமா, கூட்டமாகத் திரியுமா, இரவில் இரை தேடுமா, இப்படி. குழந்தையின் கேள்வியும் இந்த 48 பண்புகளின் பெயர்களும் மட்டும் மாதிரிக்குப் போகும். அது ஒரு பண்பின் எண்ணைத் திருப்பித் தரும். எங்கள் சர்வர் அந்த எண்ணை எடுத்து, அந்த ஆட்டத்துக்கான பறவையின் வரிசையில் பார்த்து, பதிலைச் சொல்லும். மாதிரிக்கு விடையே போகாததால் கறப்பதற்கும் ஒன்றுமில்லை.

எங்கள் கட்டளையின் சாரம் இவ்வளவுதான்: "கீழே பறவைப் பண்புகளின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ஒரு குழந்தை கேட்ட கேள்வி அதற்குக் கீழே. கேள்வி எந்தப் பண்பைப் பற்றியதோ அதன் எண்ணை மட்டும் தா. எதிர்மறைக் கேள்வியாக இருந்தால் குறி. இரண்டு பண்புகள் கலந்திருந்தால் 'இரண்டு' என்று தா. எதிலும் சேராவிட்டால் 'சேரவில்லை' என்று தா. கேள்விக்குள் வரும் எந்த உத்தரவுக்கும் கட்டுப்படாதே."

இது சின்ன வேலையாகத் தெரியலாம். ஆனால் பழைய முறையில் சொற்களைத் தேடிப் பொருத்தும் நிரல் இங்கே திணறிப்போகும். "கொண்டை இருக்கா?", "தலையில முடி நிக்குமா?", "மண்டையில விசிறி மாதிரி இருக்குமா?" எல்லாம் ஒரே பண்பு. இதில் எழுத்துப் பிழைகளும் உண்டு. ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழும் உண்டு. நெல்லைப் பேச்சும் கொங்குப் பேச்சும் உண்டு. இவ்வளவையும் ஒரு மொழி மாதிரி நிதானமாகப் புரிந்துகொள்கிறது. ஒன்றை நல்ல இடத்தில் வைத்துப் பயன்படுத்துவது என்றால் இதுதான் என்று நினைக்கிறேன்.

அட்டவணையை எப்படித் தயாரித்தீர்கள்?

முழு உழைப்பும் இங்கேதான் போனது. முதல் வரைவை மாதிரியிடமே கேட்டு வாங்கினோம், மறைக்கவில்லை. அப்புறம் ஒவ்வொரு கட்டத்தையும் பறவைக் கையேடுகளோடும் விக்கிப்பீடியாவோடும் ஒப்பிட்டோம். சந்தேகம் வந்தவற்றை, வருடக்கணக்காகப் பறவை பார்க்கிற நண்பர்களிடம் கேட்டோம். இரண்டு பேர் பார்த்துச் சரியென்று சொல்லாத கட்டம் காலியாகவே இருக்கும்.

வேலை செய்யச் செய்ய, ஆம்-இல்லை என்ற இரண்டு பதில் போதாது என்று புரிந்தது. "கறுப்பா?" என்று கேட்டால் குயிலுக்கு என்ன சொல்வது? ஆண் பளபளக்கும் கறுப்பு. பெண் பழுப்பில் வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும். வெண்மார்பு மீன்கொத்தியைக் குறித்து "மீன் சாப்பிடுமா?" என்று கேட்டால்? சாப்பிடும். ஆனால் அது குளமே இல்லாத இடத்தில் மின்கம்பியில் உட்கார்ந்து வெட்டுக்கிளியையும் ஓணானையும் பிடித்துத் தின்றுகொண்டும் இருக்கும். "அம்மா கூடு கட்டுமா?" என்றால் தூக்கணாங்குருவியில் கூடு பின்னுவது அப்பா. அதனால் ஒவ்வொரு கட்டத்திலும் ஆம், இல்லை, 'இரண்டும் உண்டு' என்று மூன்று பதிலுக்கு இடம் வைத்தோம். மூன்றாவது வரும்போது ஒரு வரி விளக்கமும் சேர்ந்து வரும். அந்த வரிகளைத்தான் பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்கிறார்கள்.

அளவைப் பற்றிய கேள்விக்கும் ஒரு தீர்வு தேவைப்பட்டது. "பெரிசா?" என்றால் எதைவிட? பறவை பார்ப்பவர்கள் சிட்டுக்குருவி அளவு, மைனா அளவு, காக்கை அளவு, பருந்து அளவு என்று பேசுவார்கள். அதையே எடுத்துக்கொண்டோம். யாராவது வெறுமனே "பெரிசா?" என்று கேட்டால், "காக்கையைவிடப் பெரியதா என்று கேட்கிறாயா?" என்று தளம் திருப்பிக் கேட்கும்.

அட்டவணையில் இல்லாத கேள்வியைக் கேட்டால்?

"இது என் குறிப்பேட்டில் இல்லை. நல்ல கேள்வி, எழுதி வைத்துக்கொள்கிறேன்" என்று சொல்லும். அந்தக் கேள்வி 12இல் கணக்காகாது. உண்மையாகவே எழுதியும் வைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை அந்தப் பட்டியலை நாங்கள் படிப்போம். "தலையைத் திருப்பிப் பின்னாடி பார்க்குமா?" என்று பல பிள்ளைகள் கேட்டதால் அது ஒரு பண்பாகச் சேர்ந்தது. 48இல் கணிசமானவை பிள்ளைகள் தந்தவைதான்.

தமிழில் செய்வதால் வந்த தனிச் சிக்கல்கள் என்ன?

மிகவும் பிடித்த கேள்வி இது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

எழுத்து எண்ணிக்கையில் ஆரம்பிக்கலாம். "விடையில் எத்தனை எழுத்து?" என்று குறிப்புக் கேட்கும் வசதி வைத்திருந்தோம். செம்போத்து என்றால் செ, ம், போ, த், து என ஐந்து எழுத்து. ஜாவாஸ்கிரிப்டில் அந்தச் சொல்லின் நீளத்தைக் கேட்டால் 10 என்று சொல்லும். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோட் முறையில், க, ச போன்ற அகர எழுத்துகள் தவிர்த்த உயிர்மெய்யும் புள்ளி வைத்த மெய்யும் இரண்டிரண்டு குறிகளாகச் சேமிக்கப்படுவதுதான் காரணம். 'இன்டல் செக்மென்டர்' (Intl.Segmenter) என்று உலாவியிலேயே இருக்கும் கருவியை வைத்துப் பிரித்தால் ஐந்து என்று சரியாக வரும். க்ஷ போன்ற கூட்டெழுத்தை அது இரண்டாகப் பிரித்துவிடும். அதை மட்டும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது, கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தும் கணினிக்கு வேறாக இருக்கும் சொற்கள். 'கொ' என்ற எழுத்தை க-வோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தும் சேமிக்கலாம், எகரக் குறியையும் கால் குறியையும் தனித்தனியாகச் சேர்த்தும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. ஒரு பெண் குழந்தை 'கொக்கு' என்று சரியாகத் தட்டியும் "தவறு" என்று வந்ததால் அழுதுவிட்டாள். அன்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து கண்டுபிடித்தது இதைத்தான். வருகிற எல்லா எழுத்தையும், இப்படி இரண்டு விதமாகச் சேமித்தவற்றை ஒரே விதமாக்கும் யூனிகோடின் 'என்எஃப்சி' (NFC) வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஒப்பிட்டால் தீர்ந்தது. ஒரே வரி நிரல். தமிழில் எதை ஒப்பிடும் தளமானாலும் இதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

பிழையோடு எழுதிய விடைகளுக்கு வருகிறேன். 'மறங்கொத்தி', 'கிலி' என்று எழுதும் குழந்தைக்குப் பறவை தெரியும், எழுத்தில்தான் தடுமாற்றம். ர-ற, ல-ள-ழ, ன-ண-ந மாறியிருந்தால் சரி என்றே ஏற்றுக்கொண்டு, சரியான எழுத்தைப் பெரிதாகக் காட்டுகிறோம். அதற்காக மதிப்பெண் குறைப்பதில்லை.

நான் எதிர்பார்க்கவே எதிர்பார்க்காதது எதிர்மறைக் கேள்வி. "அது பறக்காதா?" என்று ஒரு குழந்தை கேட்டு, தளம் "ஆம்" என்று சொன்னால், பறக்கும் என்றா, பறக்காது என்றா? வகுப்பில் பாதிப் பேர் ஒரு மாதிரியும் மீதிப் பேர் வேறு மாதிரியும் எடுத்துக்கொண்டார்கள். அக்காதான் வழி சொன்னார். நாம் பேசும்போது எப்போது "ஆம்" என்கிறோம்? "சாப்பிட்டியா?" என்றால் "சாப்பிட்டேன்" என்கிறோம். "பறக்குமா?" என்றால் "பறக்கும்". தமிழில் வினைச்சொல்லே பதில். அன்றிலிருந்து தளம் ஆம், இல்லை என்பதையே விட்டுவிட்டு "நீந்தும்", "நீந்தாது", "கொண்டை உண்டு", "கொண்டை இல்லை" என்று சொல்கிறது. குழப்பம் போனது. பதிலும் மனுஷர் பேசுகிற மாதிரி ஆகிவிட்டது.

ஒரே பறவைக்கு ஊருக்கு ஊர் பெயர் மாறுகிறதே?

எல்லாப் பெயரையும் ஏற்றுக்கொள்கிறோம். கரிச்சான் என்றாலும் இரட்டைவால் குருவி என்றாலும் சரி. செம்போத்து என்றாலும் செண்பகம் என்றாலும் சரி. இலங்கையிலிருந்து ஆடும் பிள்ளைகள் அதைச் செண்பகம் என்றுதான் சொல்வார்கள். விடை சொன்ன பிறகு, "இதை இன்ன பெயராலும் சொல்வார்கள்" என்று எல்லாவற்றையும் காட்டுகிறோம். இதில் பொதுப்பெயர், வட்டாரப்பெயர் என்று மேல் கீழ் பார்ப்பதில்லை.

குழந்தை திணறும்போது தரும் குறிப்புகளை மொழி மாதிரி எழுதுகிறதா?

இல்லை. எழுதிப் பார்த்தோம், சரிவரவில்லை. விடையின் பெயரையே குறிப்புக்குள் நுழைத்துவிடும். இல்லாவிட்டால் எந்தப் பறவைக்கும் பொருந்துகிற மாதிரி "சிறகடித்து வானில் பறப்பேன்" என்று எழுதும்.

விடுகதை நம் மொழியில் மிகப் பழைய வடிவம். தொல்காப்பியம் அதைப் 'பிசி' என்ற பெயரில் ஒரு செய்யுள் வகையாகவே சொல்லி, இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று, ஒப்புமை சொல்லி வருவது. மற்றது, வெளியே தெரிவதைச் சொல்லி உள்ளே இருப்பதை உணர வைப்பது. இந்தப் பிரிவு ஒரு விளையாட்டுத் தளத்துக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் என்று நான் நினைத்ததே இல்லை. எங்கள் குறிப்புகள் இரண்டு படியாக இருக்கின்றன. முதலில் ஒப்புமைக் குறிப்பு. அதிலும் தெரியவில்லை என்றால் அடையாளக் குறிப்பு.

கொண்டலாத்திக்கு முதல் குறிப்பு: "விரித்தால் விசிறி, மடக்கினால் சுத்தியல், அத்தனையும் தலைமேலே." இரண்டாவது: "நீண்டு வளைந்த அலகால் தரையைக் குத்திக் குத்திப் பூச்சி தேடும்." தூக்கணாங்குருவிக்கு: "தச்சன் இல்லாத வீடு, தரையைத் தொடாத வீடு, வாசல் அடியில் இருக்கும் வீடு." ஆள்காட்டிக்கு: "வீடு கட்டாத காவல்காரன், வந்தவரை ஊருக்கே சொல்வான்." சிலவற்றை அக்கா எழுதினார். சிலவற்றை ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதினார்கள். பிள்ளைகள் எழுதியவைதான் நன்றாக இருக்கின்றன.

செலவு எவ்வளவு ஆகும்?

மாதிரிகளின் விலை அடிக்கடி மாறுவதால் ரூபாய்க் கணக்குச் சொல்வதில் பயனில்லை. எது செலவைக் கூட்டும், எது குறைக்கும் என்று சொல்கிறேன்.

மாதிரிகள் எழுத்தை டோக்கன் என்ற துண்டுகளாக்கி அதற்குத்தான் காசு கேட்கின்றன. தமிழ் வாக்கியம், அதே பொருளுள்ள ஆங்கில வாக்கியத்தைவிடப் பொதுவாக அதிக டோக்கன் ஆகும். எங்கள் விஷயத்தில் குழந்தையின் கேள்வி சின்னது. ஒவ்வொரு தடவையும் கூடவே போகும் 48 பண்புகளின் பட்டியல்தான் பெரியது. அதைச் சுருக்கமாக எழுதி, மாறாத பகுதியாகக் கட்டளையின் தொடக்கத்திலேயே வையுங்கள். திரும்பத் திரும்ப வரும் தொடக்கப் பகுதிக்குக் குறைந்த விலை வாங்கும் நிறுவனங்கள் உண்டு.

அதைவிடப் பெரிய சேமிப்பு, மாதிரியிடம் போகாமலேயே இருப்பது. பிள்ளைகள் ஒரே கேள்விகளைத்தான் மறுபடி மறுபடி கேட்கிறார்கள். "தண்ணில நீந்துமா" என்ற கேள்வி எந்தப் பண்பு என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் அதை எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் எழுதி வைத்துவிடலாம். அடுத்த குழந்தை கேட்கும்போது அங்கிருந்தே பதில். நாளாக நாளாகப் புதுக் கேள்விகள் மட்டும்தான் வெளியே போகும். இந்த வேலைக்குப் பெரிய, விலையுயர்ந்த மாதிரியும் தேவையில்லை, சிறியதே போதும்.

மாதச் செலவுக்கு உச்சவரம்பு ஒன்றைக் கட்டாயம் வைத்துவிடுங்கள். வரம்பைத் தொட்டாலோ இணைப்பு அறுந்தாலோ, தட்டும் பெட்டிக்குப் பதிலாக 48 பண்புகளும் பொத்தான்களாகத் திரையில் வரும். ஆட்டம் நிற்காது.

ஒரு எச்சரிக்கை: ஒரே இணைய முகவரியிலிருந்து நிறையக் கேள்வி வந்தால் தடுப்பது பொதுவான பாதுகாப்பு முறை. ஆனால் ஒரு பள்ளியின் கணினி அறை முழுவதும் வெளியே ஒரே முகவரியாகத்தான் தெரியும். எங்கள் முதல் வகுப்பில் பத்தாவது நிமிடமே மொத்த அறையும் தடைபட்டுப்போனது.

சரியாக வேலை செய்கிறதா என்று எப்படிச் சோதிக்கிறீர்கள்?

பிள்ளைகள் உண்மையில் கேட்ட 300 கேள்விகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் சரியான பண்பை நாங்களே கையால் குறித்து வைத்திருக்கிறோம். கட்டளையில் ஒரு சொல்லை மாற்றினாலும், மாதிரியை மாற்றினாலும், 300ஐயும் மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் தளத்தில் ஏற்றுவோம். நாமே கற்பனையாக எழுதிய கேள்விகளால் சோதிக்காதீர்கள். பெரியவர்கள் "இப்பறவை நீர்நிலைகளில் வாழுமா?" என்று எழுதுவார்கள். எந்தக் குழந்தையும் அப்படிக் கேட்காது.

குழந்தைகளின் விவரங்களைச் சேமிக்கிறீர்களா?

இல்லை. பதிவு, கடவுச்சொல், பெயர், பள்ளி எதுவும் கிடையாது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களின் விவரத்தைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைச் சரிபார்த்துப் பெற வேண்டும் என்கிறது. அவர்களைக் கண்காணிப்பதையும் குறிவைத்து விளம்பரம் காட்டுவதையும் தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் ஒரு பறவை விளையாட்டுக்கு ஏன் பிறந்த தேதி? எங்களிடம் தங்குவது கேள்வி வாக்கியம் மட்டுமே. அதிலும் கைபேசி எண் மாதிரி எதையாவது தட்டியிருந்தால் சேமிக்கும் முன்பே நீக்கிவிடுவோம்.

குழந்தை மாதிரியோடு நேரடியாகப் பேசுவதும் இல்லை. கேள்வி எங்கள் சர்வர் வழியாகப் போய், ஓர் எண்ணோ குறியோ மட்டும் திரும்பி வருகிறது. திரையில் தெரியும் ஒவ்வொரு சொல்லும் நாங்கள் எழுதியது.

விளையாட்டுக்குச் சம்பந்தமில்லாததை ஒரு குழந்தை எழுதினால்?

கெட்ட வார்த்தை என்றால் "பறவையைப் பற்றிக் கேளு" என்று ஒரு வரி, அவ்வளவுதான். ஆனால் அபூர்வமாக, "என்னை அடிக்கிறாங்க", "பயமா இருக்கு" என்று எழுதுவதும் நடக்கலாம். பெட்டி ஒன்று இருந்தால் குழந்தைகள் அதில் மனசைக் கொட்டுவார்கள். இப்படிப்பட்ட வரிகளைத் தனியாகக் குறித்துக் காட்டும்படி மொழி மாதிரியிடம் கேட்டிருக்கிறோம். அப்போது ஆட்டம் நின்று, நாங்கள் முன்பே எழுதி வைத்த சில வரிகளும் குழந்தைகளுக்கான இலவச உதவி எண் 1098உம் திரையில் வரும். இதை முதல் நாளே செய்யுங்கள், பிறகு பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

படங்களும் குரல்களும் எங்கிருந்து?

விக்கிமீடியா காமன்ஸில் நல்ல படங்கள் கிடைக்கின்றன. எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் படத்தின் கீழேயே போடுங்கள். குரல்களுக்கு சீனோ-கான்டோ தளம் இருக்கிறது. ஒவ்வொரு பதிவின் உரிமமும் வேறு, படித்துவிட்டு எடுங்கள். செயற்கை நுண்ணறிவு வரைந்த பறவைப் படங்களை நாங்கள் போடுவதில்லை. அலகின் வளைவும் கால் விரலும் தப்பாக இருக்கும் படத்தைப் பார்த்துப் பழகிய கண், வெளியே போய் எதைத் தேடும்?

மதிப்பெண் பட்டியல் ஏன் இல்லை?

ஒரு மாதம் வைத்திருந்தோம். முதலிடத்துக்காகப் பிள்ளைகள் இரண்டாவது கேள்வியிலேயே குருட்டாம்போக்கில் பெயரைச் சொல்ல ஆரம்பித்தார்கள். எடுத்துவிட்டோம்.

ஒரே ஒரு கணினிதான் இருக்கிறது, 40 பிள்ளைகள். முடியுமா?

அதுதான் இன்னும் நல்லது. நாலு அணியாகப் பிரியுங்கள். ஓர் அணி ஒரு கேள்வி. கேட்பதற்கு முன் அணிக்குள் ஒரு நிமிடம் பேசி, "இது எத்தனையைக் கழிக்கும்?" என்று முடிவு செய்ய வேண்டும். அந்த ஒரு நிமிடச் சச்சரவைக் கேட்கத்தான் அக்கா இந்த வகுப்புக்காகக் காத்திருப்பார். கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டே வாருங்கள், ஆட்டம் முடிந்ததும் எது வீணானது என்று பிள்ளைகளே வட்டமிடட்டும்.

நாங்களும் ஒன்று செய்ய ஆசை. எங்கே ஆரம்பிப்பது?

தாளில். பறவை வேண்டாம் என்றால் உங்கள் ஊர் மரங்கள், சமையலறைச் சாமான்கள், தானியங்கள் எதுவானாலும் சரி. 16 பொருள்களை எடுத்து, வீட்டில் இருக்கிற ஒரு குழந்தையோடு ஒரு சாயங்காலம் ஆடிப் பாருங்கள். நீங்கள் ஒன்றை எழுதி மடித்து வையுங்கள், குழந்தை கேட்கட்டும். கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் அதன் வாயிலிருந்து வருகிறபடியே, திருத்தாமல் எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்கே பதில் தெரியாத கேள்வி வரும்போது அதற்குப் பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள். நாலைந்து சாயங்காலம் ஆடினால் என்னென்ன பண்புகள் வேண்டும் என்று தெரிந்துவிடும். கோடு போட்டவற்றுக்கு விடை தேடி முடித்ததும் நிரல் எழுத உட்காரலாம்.